கதவைச் சீவுவதற்கு முன்னர்

வடபகுதியில் ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாள்கள் கடந்ததும் வீடுகளில் ஒரே முறைப்பாடு எழுகின்றது. கதவு சாத்துப்படவில்லை. தள்ளினால் முக்காற் பங்கு போய் நிற்கின்றது. தோளால் இடித்தால் மூடுகின்றது. கையை எடுத்ததும் ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றது. கடையில் வாங்கிய கதவாயின் கடைக்காரரைத் திட்டி ஆறுதல் அடையலாம். வீட்டவர் தாமே செய்து மாட்டிய கதவாயின் அந்த ஆறுதலுக்கும் வழியில்லை. ஆகவே அயல் வீட்டிற் சீவுளி ஒன்றை இரவல் வாங்கி, இறுகும் விளிம்பைச் சீவித் தள்ளுகின்றனர். கதவு மூடிவிடுகின்றது, எல்லோருக்கும் திருப்தி. பங்குனி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பாம்பு புகும் அளவுக்கு இடைவெளி தோன்றும்போது, மரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்கின்றனர். அடுத்த மாரியில் இன்னொரு விளிம்பு இறுகும். அதையும் சீவுவார்கள்.

இந்தச் சீவுளிப் பழக்கத்துக்கு எதிராகவே இதனை எழுதுகின்றேன். சரிவர மூடாத வீட்டுக் கதவுகளைப் பல ஊர்களிற் பார்த்திருக்கின்றேன். அவற்றுட் பெரும்பாலானவற்றில் குற்றம் கதவில் இருக்கவில்லை. நிலையில் இருந்தது, பிணைச்சலில் இருந்தது, அல்லது பருவத்தில் இருந்தது. ஆயினும் தண்டனை கதவுக்கே கிடைக்கின்றது. வெட்டிய மரம் மீண்டும் வளராது என்பதனால் அந்தத் தண்டனைக்கு மேன்முறையீடும் இல்லை.

திருமறைக்காட்டில் அடைபட்டிருந்த கோயிற் கதவைத் திறப்பதற்கு அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது என்றும், அதை மீண்டும் மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாயிருந்தது என்றும் பெரியபுராணம் கூறும். நம் வீட்டுக் கதவுகளின் சங்கதி இதற்கு நேர்மாறு. திறப்பதற்குச் சிரமமில்லை, மூடுவதுதான் பெரும்பாடு.

வீட்டிற் செய்த கதவு என்றால் ஓய்வு நேரத் தச்சுவேலை என்று புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த இளையோர் எண்ணக்கூடும். நம்மிடையே அதற்கு வேறொரு வரலாறு உண்டு. 1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை நிலவியபோது சீமெந்து, எரிபொருள், மின்கலம் யாவும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். 1996இல் திரும்பியபோது, நிலையும் கதவும் யன்னலும் கழற்றப்பட்டு வெறுஞ் சுவர்களாய் நின்ற வீடுகளைக் கண்டவர் பலர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியோரோ 2009க்குப் பின்னரே பகுதி பகுதியாகத் திரும்பினர். பல காணிகளிற் சுவர்கூட எஞ்சியிருக்கவில்லை. இவர்கள் எல்லோரும் முதலிற் செய்துகொண்ட பொருள்களுள் ஒன்று கதவு. தகரத்திற் செய்தார்கள், பெட்டிப் பலகையிற் செய்தார்கள், உடைந்த கட்டிலின் சட்டத்திற் செய்தார்கள்.

வன்னியில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தேறியது. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதே காலப்பகுதியில் இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டம் வடக்குக் கிழக்கில் வேகம் பெற்றது. குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. அது நல்ல ஏற்பாடு என்பதே அன்றும் இன்றும் எனது கருத்து. எவரோ வந்து கட்டிவிட்டுப் போகும் வீட்டைவிடத் தானே நின்று கட்டிய வீட்டின்மீது மனிதருக்குப் பற்று அதிகம். ஆனால் கூரை ஏறுவதற்குள் காசு கரைந்துவிட, கதவு யன்னல்களைத் தாமே செய்துகொண்ட குடும்பங்கள் ஏராளம். கைக்குக் கிடைத்த வேம்பையோ பலாவையோ அரிந்து, காய்வதற்குக் காத்திராமல் பொருத்தினார்கள். இன்று சாத்துப்படாமல் நிற்கும் கதவுகளுட் பல அவ்வாறு பிறந்தவையே.

மூடாத கதவு அழகுக் குறைபாடு மாத்திரம் என்று நினைப்பவர்கள், ஆண் துணையின்றிப் பிள்ளைகளோடு வாழும் ஒரு பெண்ணின் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்கவேண்டும். போருக்குப் பின்னர் வடக்கிற் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பெருகிய செய்தியை நாம் பத்திரிகைகளிற் பந்தி பந்தியாக எழுதினோம். அந்தக் குடும்பங்களின் கதவுகளில் தாழ்ப்பாள் போய்க் கொண்டியில் விழுகின்றதா என்று பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்? 2013ஆம் ஆண்டு பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அத்தகைய வீடு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். முன்கதவை அந்தப் பெண்ணின் தமையனார் செய்து கொடுத்திருந்தார். மேற்பகுதி நிலையில் நன்றாக அணைந்தது. கீழ்மூலை முக்கால் அங்குலம் வெளியே நின்றது. திறாங்குக் கட்டை கொண்டியில் விழவில்லை. ஆகவே இரவில் அம்மிக் கல்லை உருட்டி வந்து கதவுக்கு அண்டையாக வைத்துவிட்டே அவர் படுத்தார். கதவின் விளிம்பு இரண்டு தடவை சீவப்பட்டிருந்தது. அப்படியும் மூலை உள்ளே போகவில்லை.

அங்கே அன்று வந்திருந்த முதிய ஓடாவியார் ஒருவர் சீவுளியைக் கையில் எடுக்கவேயில்லை. நிலையின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறிய ஆணிகளை ஒரே அளவாக அடித்தார். மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்கே கட்டினார். நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொடவில்லை. இடையே சுண்டுவிரல் போகும் அளவு வெளி.

“தங்கச்சி, அண்ணர் செய்த கதவிலை ஒரு பிழையும் இல்லை. நிலைதான் முறுகிப்போய் நிக்குது” என்றார்.

“அப்ப ஏன் ஐயா இவ்வளவு நாளும் எல்லாரும் கதவைச் சீவச் சொன்னவை?”

“கதவு கையுக்கு எட்டுது, பிள்ளை. நிலை சுவருக்குள்ளை இருக்குது.”

இதைவிடச் சுருக்கமாக இந்த விடயத்தை எவரும் சொல்லிவிட முடியாது. நான் பணியாற்றிய செய்தியறைகளிலும் இதே நியாயம்தான் நிலவியது. பத்திரிகையிற் பிழை வந்தால் முதலில் அகப்படுபவர் ஒப்புநோக்குநர். ஏனெனில் அவர் அருகில் இருப்பார்.

அந்த நூற் சோதனையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நிலைக்கால்கள் இரண்டும் தனித்தனியே பார்த்தால் நேராக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு காலின் அடி உட்புறமாகவும் மற்றக் காலின் அடி வெளிப்புறமாகவும் சிறிது விலகியிருந்தால், நிலை முழுவதும் ஒரு தளத்திற் படியாமல் முறுகிவிடுகின்றது. தட்டையான கதவு முறுகிய நிலையில் ஒருபோதும் நான்கு மூலையும் அணைய மாட்டாது. குறுக்கே கட்டிய நூல்கள் நடுவில் மெல்லத் தொட்டால் நிலை சரி. வெளி தெரிந்தால் நிலை முறுகியிருக்கின்றது. ஒரு நூல் மற்றதை அழுத்தினால் மேலும் கீழும் மாற்றிக் கட்டிப் பார்க்கவேண்டும். அப்போது அழுத்தத்துக்குள் மறைந்திருந்த வெளி புலப்படும். நடுவில் தெரியும் வெளியின் இரு மடங்கே மூலையில் தெரியும் வெளி. அதாவது நூல்களுக்கிடையே கால் அங்குலம் என்றால் கதவின் மூலை அரை அங்குலம் வெளியே நிற்கும். பள்ளிக்கூடத்திற் கேத்திரகணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம்.

நிலை ஏன் முறுகுகின்றது? இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லவேண்டியுள்ளது. நம்மவர் நிலை வைப்பதை ஒரு மங்கல நிகழ்வாகக் கொண்டாடுவர். நாள் பார்த்து, மாவிலை கட்டி, சுபவேளை தப்பாமல் நிலையை நிறுத்துவர். அந்த வேளையில் மேசனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும் உண்டு. அதன் பின்னர் வரிசை வரிசையாகக் கல் ஏறும். ஈரச் சாந்து நிலைக்கால்களைத் தள்ளும். முட்டுக் கொடுத்த தடியை யாரோ அவசரத்துக்குக் கழற்றுவார்கள். ஏழாம் வரிசையில் நிலை இன்னும் நேராக நிற்கின்றதா என்று மறுபடி தூக்குக்குண்டு விடுவோர் அரிது. நிலைக்கால்களின் நடுவே தற்காலிகக் குறுக்குத் தாங்கு ஒன்று வைக்காமற் கட்டினால், இரண்டு கால்களும் நடுவில் உட்புறமாக வயிறு தள்ளிவிடும். அப்போது கதவு மேலும் கீழும் இலேசாகவும் நடுவில் மட்டும் இறுக்கமாகவும் இருக்கும். அது மழையால் வந்த இறுக்கம் என்று நினைத்துச் சீவினால், நடுவில் இடை மெலிந்த கதவு ஒன்று கிடைக்கும்.

முறுகிய நிலையை இடித்து மீண்டும் வைக்கத் தேவையில்லை என்பதே நல்ல செய்தி. பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலை வெளியே நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூலைவிட்டமாக எதிரே இருப்பது மேற்பிணைச்சல். அந்த மேற்பிணைச்சலைக் கதவு திறக்கும் பக்கமாகச் சிறிது வெளியே நகர்த்தி மாட்டினால் கீழ்மூலை உள்ளே போகும். மூலை அரை அங்குலம் வெளியே நின்றால், பிணைச்சலைக் கால் அங்குலம் நகர்த்தினாற் போதும். குறை இரண்டு மூலைகளுக்குப் பங்கிடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மேல்மூலை வெளியே நின்றால் கீழ்ப்பிணைச்சலை நகர்த்தவேண்டும். கதவு வந்து முட்டும் சட்டம் தனியாக ஆணி அடித்து வைக்கப்பட்டதாயின், எஞ்சிய குறையை அந்தச் சட்டத்தைக் கழற்றிக் கதவுக்கு ஏற்றபடி அடிப்பதன் மூலம் தீர்க்கலாம். பரந்தனுக்கு அப்பால் அந்த ஓடாவியார் செய்தது இவ்வளவுதான். ஒரு மணி நேரம், எட்டுத் திருகாணிகள். அம்மிக் கல் குசினிக்குத் திரும்பியது.

அடுத்த குற்றவாளி பிணைச்சல். இதில் நம்மவர் செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. திருகாணியைத் திருகுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் அறைவது முதலாவது. திருகாணியின் புரிகள் மரத்தைக் கவ்வுவதற்காக அமைந்தவை. அறைந்து ஏற்றினால் அவை மரநாரைக் கிழித்துக்கொண்டு போகின்றன. பிடிமானம் என்று ஒன்றும் மிஞ்சாது. ஆறு மாதத்தில் மேற்பிணைச்சல் தளர்ந்து, கதவு தன் பாரத்தாலேயே பூட்டுப் பக்கம் தொங்கிவிடும். அப்போது கீழ்விளிம்பு நிலத்தில் உரசுகின்றது என்று கீழ்விளிம்பைச் சீவுவார்கள்! தளர்ந்த துவாரத்துக்குள் பசை தடவிய நெருப்புக்குச்சிகள் நான்கைந்தைச் செருகி, காய்ந்தபின் வெட்டி மட்டப்படுத்தி, சற்று நீளமான திருகாணியைத் திருகினால் தொங்கிய கதவு மேலெழும். பாரமான பலகைக் கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதாது. மூன்றாவது ஒன்று வேண்டும். மூன்றின் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்பதை நூல் பிடித்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். நேர் தவறினால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் திருகாணிகளைப் பிடுங்கிவிடும்.

பிணைச்சல் தொடர்பான இன்னொரு நோய் உண்டு. கதவைச் சாத்தும்போது கடைசி ஓர் அங்குலத்தில் ஒரு வில்லைப்போல அது திருப்பித் தள்ளுமாயின், பூட்டுப் பக்கத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பிணைச்சற் தகடு மரத்துக்குள் அளவுக்கு மிஞ்சி ஆழமாக வெட்டி இறக்கப்பட்டிருக்கும். அல்லது திருகாணியின் தலை தகட்டுக்கு வெளியே துருத்தி, எதிர்த் தகட்டில் முட்டும். முன்னையதற்கு மருந்து, தகட்டைக் கழற்றி அடியில் ஒரு துண்டுக் கடதாசி மட்டையை வைத்துத் திரும்பப் பூட்டுவது. அப்பியாசக் கொப்பியின் மட்டையே போதும். மரத்தில் ஒரு சீவல்கூட எடுக்காமல் கதவு நேராகப் போய் அணையும்போது வீட்டவர் முகத்தில் தோன்றும் நம்பிக்கையின்மை பார்க்கத் தக்கது. பழைய நாற்சார் வீடுகளின் கனத்த கதவுகளுக்கு இந்த நோய் இல்லை. அவை பிணைச்சலில் தொங்கவில்லை. குடுமியில் நின்று சுழன்றன. பாரம் முழுவதும் வாசற்படியில் இறங்கியது.

வீட்டிற் செய்த கதவுகளுக்கே உரிய பிழை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். நிமிர்ந்த பலகைகளை இரண்டு குறுக்குச் சட்டங்களில் அடித்து, சட்டங்களுக்கிடையே சாய்வாக ஒரு தாங்குகட்டை வைப்பது வழக்கம். அந்தத் தாங்குகட்டை பிணைச்சற் பக்கத்தின் அடியிலிருந்து பூட்டுப் பக்கத்தின் மேல்மூலையை நோக்கி ஏறவேண்டும். கதவின் பாரம் அதன் வழியே அமுங்கி, கீழ்ப்பிணைச்சலில் இறங்கும். பலரும் இதனை மறுபக்கமாக வைத்துவிடுகின்றனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அமுங்கவேண்டிய கட்டை இழுபட, ஆணிகள் தளர்ந்து, கதவு சாய்சதுரமாகிவிடும். மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டாற் கதவு சாய்ந்துவிட்டது. கழற்றி, நிமிர்த்தி, தாங்குகட்டையைத் திருப்பி அடித்தால் அது மீண்டும் சதுரமாகும். இங்கே குற்றம் கதவினுடையதே என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் இதற்கும் மருந்து சீவுளி அன்று.

இனிப் பருவம். மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. அகலத்திலேயே வீங்கிச் சுருங்கும். மூன்றடி அகலமான கதவு நூற்றுக்கு ஒரு பங்கு வீங்கினாலே மூன்றில் ஓர் அங்குலத்துக்கு மேல் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவத்திற் கொட்டிவிடுகின்றது. பின்னர் நீண்ட வரட்சி. ஆகவே நம் மரக் கதவுகள் ஆண்டுக்கொரு முறை மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுகின்றன. கார்த்திகையிற் சீவுபவர், மூச்சை இழுத்துப் பிடித்திருப்பவனின் இடுப்புக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கின்றார். ரொறன்ரோவில் வாழும் வாசகர்களுக்கும் இது புதிதன்று. அங்கே ஈரலிப்பான கோடையிற் கதவு இறுகும். சூடேற்றிய வீட்டின் வரண்ட குளிர்காலத்தில் தளரும். நாடு மாறினாலும் மரத்தின் சுபாவம் மாறவில்லை. மாதம் மட்டும் மாறுகின்றது.

பச்சை மரத்திற் செய்த கதவு காயக் காய வளையும். அரிந்த பலகையின் முனையில் தெரியும் வளையங்கள், மரம் காயும்போது நிமிர முயல்வது போலத் தம்மை விரித்துக்கொள்ளும். அதனால் வெளிப்பட்டைப் பக்கம் குழியும். அடுத்தடுத்த பலகைகளை வயிரப் பக்கம் மாறி மாறி வருமாறு வைத்துப் பொருத்துவது பழைய ஓடாவிமாரின் வழக்கம். ஒன்றின் வளைவை மற்றது தணிக்கும். அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு நிழலிற் காயவேண்டும் என்பது அவர்களின் கணக்கு. வீடில்லாமல் நின்றவரிடம் ஓராண்டு காத்திருக்கச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2013இற் பச்சையாகப் பொருத்திய பலகை இன்றைக்கு எத்தனையோ கோடைகளைக் கண்டுவிட்டது. வளையவேண்டிய அளவுக்கு வளைந்து ஓய்ந்துவிட்டது. புதிதாக வாங்கும் மலிவுப் பலகையைவிட நம்பத்தக்க மரம் அது. அந்தக் கதவைத்தான் இப்போது கழற்றி விறகுக்குப் போடுகின்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் உத்தரவு வருகின்றது: “அந்தப் பழைய கதவெல்லாத்தையும் கழற்றிப்போட்டு அலுமினியம் போடுங்கோ, நான் காசு அனுப்புறன்.” அனுப்புபவரின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குளியலறைக்குப் பிளாஸ்ரிக் கதவு மரத்தைவிடச் சிறந்தது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முறுகிய நிலையில் அலுமினியக் கதவை மாட்டினாலும் அது முறுகிய நிலையில் மாட்டிய கதவே. மரக் கதவிலாவது பிணைச்சலை நகர்த்தலாம், மட்டை வைக்கலாம், சட்டத்தை மாற்றி அடிக்கலாம். அலுமினியச் சட்டகம் அந்த இளக்கத்தைத் தராது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் கட்டடப் பொருள்களின் விலை ஏறியபோது, கழற்றிய மரக் கதவுகளை மரக்காலையிற் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், அவற்றின் பெறுமதியைப் பிந்தி உணர்ந்தார்கள்.

பெறுமதி என்பது மரத்தின் விலை மாத்திரமன்று. தமையன் தங்கைக்குச் செய்து கொடுத்த கதவு, காணாமற் போன ஒருவர் கடைசியாக ஆணியடித்த கதவு என்று பல வீடுகளில் உண்டு. அத்தகைய கதவைக் கழற்றுவது அங்கே பேசத் தகாத விடயம். சாத்துப்படாமல் அதைச் சகித்துக்கொண்டிருப்பதே இயல்பாகிவிட்டது. அந்த வீடுகளுக்கு மாற்றுக் கதவு வேண்டாம். தூக்குக்குண்டும் நூலும் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அரை நாள் வந்தால் போதும். வீட்டுத் திட்டங்களை நடத்துவோர் கூரையையும் அத்திவாரத்தையும் வந்து பார்த்துப் படிவம் நிரப்புகின்றனர். கதவு மூடுகின்றதா, தாழ்ப்பாள் உட்புறமாக விழுகின்றதா என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன? தொழிற்பயிற்சிக்கென அனுப்பப்படும் நிதியில் ஒரு பங்கு, கிராமம் கிராமமாகச் சென்று கதவு திருத்தும் இளைஞருக்குப் போனால் என்ன? ஓடாவிமார் அருகி வருகின்றனர் என்று கட்டுரைகள் எழுதுகின்றோம். அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய வேலையோ நம் வாசலில் துருத்திக்கொண்டு நிற்கின்றது.

சீவுளியை ஒருபோதும் எடுக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. நிலை சரி, பிணைச்சல் சரி, கதவு சதுரம் என்று உறுதியான பின்னரும் இறுகினால், எங்கே இறுகுகின்றது என்று முதலிற் பார்க்கவேண்டும். நிலையின் உள்விளிம்பில் வெண்கட்டியைத் தேய்த்துக் கதவை ஒருமுறை சாத்தித் திறந்தால், உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். பல வீடுகளில் அந்த வெள்ளை ஒட்டுவது மரத்திலன்று. கலியாணத்துக்கும் பொங்கலுக்குமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய வர்ணத்தின் தடிப்பில். அதைச் சுரண்டினாற் போதும். பூட்டின் நாக்குப் போய் விழும் தகடு ஒரு நூலிடை விலகியிருப்பதனாலும் கதவு துருத்தும்; அரத்தால் நாலு தேய்ப்பில் அது தீரும். கறையான் தின்று அடி சொத்தையான நிலைக்கு மட்டும் இந்த வைத்தியங்கள் எவையும் உதவா. அதை மாற்றத்தான் வேண்டும்.

மரத்தையே சீவ நேர்ந்தால், மாசி தொடங்கி ஆவணிக்குள் ஒரு நல்ல வெயிற் காலத்திற் சீவுங்கள். மாரியில் வீங்குவதற்கு ஒரு நாணயத்தின் கனம் இடம் விட்டு, அதற்கு மேல் எடுக்காதீர்கள். சீவிய விளிம்பை அன்றே வர்ணத்தால் மூடுங்கள். கதவின் முகம் இரண்டுக்கும் வர்ணம் பூசி, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் வெறுமையாக விடுவது நம்மிடையே பரவலான வழக்கம். மரத்தின் நார் முனைகள் திறந்திருப்பது அங்கேதான். ஈரத்தைக் குடிப்பதும் அந்த வழியாகத்தான். ஒரு நாற்காலியில் ஏறி மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்; சிலாம்பு கையிற் குத்தினால் அங்கே ஒருபோதும் தூரிகை படவில்லை. கீழ்விளிம்பைப் பார்க்க ஒரு சிறு முகக்கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நீட்டினால் போதும். மழை விட்டதும் கதவைக் கழற்றி, இரண்டு விளிம்புகளையும் நன்றாகக் காயவிட்டு, இரண்டு பூச்சுக் கொடுங்கள்.